இடது கால் செருப்பு

கள்ளக்குறிச்சியில் எலும்பு மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. முட்டி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகெலும்புக்குத் திருகாணி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சேலம் சாலையில் அவர்களுடைய பலகைகள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு மருந்துக்கடையை ஒட்டிச் சின்னப் பலகை ஒன்று தொங்குகிறது: டாக்டர் தீனதயாளன், பாதம் மற்றும் கணுக்கால். அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. கணுக்காலுக்கு ஒரு டாக்டர் என்றால் கட்டைவிரலுக்கு யார், சுண்டுவிரலுக்கு யார் என்று பக்கத்து டீக்கடையில் நெடுநாள் கேலி ஓடியது. மாடியில் இடம் தருவதாகத்தான் கட்டட உரிமையாளர் சொன்னார். கால் நோயாளியைப் படியேறச் சொல்கிறவன் மருத்துவனா என்று கேட்டு, இடம் குறுகலாக இருந்தாலும் தரைத்தளமே போதும் என்று பிடித்துக்கொண்டார் தீனதயாளன்.

திருக்கோவிலூர்ப் பக்கம் கரும்பு விவசாயக் குடும்பம். சொந்த நிலம், சொந்தக் கிணறு. கரும்பு வெட்டும் பருவத்தில் வருகிற ஆட்களின் கத்தி தவறிக் குதிகால் தசைநாண் அறுந்துபோவதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறார். பார்த்திருக்கிறாரே தவிர, அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன ஆனான் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எலும்பு மருத்துவம் படிக்கும்போதுதான் தெரிந்தது. அறுந்த நாணை அவசரமாகத் தைத்து அனுப்பிவிடுவார்கள். அவன் அப்புறம் வாழ்நாள் முழுக்க நொண்டுவான். தையல் சரியாக இருந்தது என்று எழுதி வைத்திருப்பார்கள்.

மேற்படிப்பில் எதை எடுப்பது என்று வந்தபோது உடன் படித்தவர்கள் இடுப்பையும் முட்டியையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பாதத்தின் பக்கம் யாரும் போகவில்லை. பாதம் நாறும், புண் புழுக்கும், வருகிறவர்கள் வெறுங்காலோடு வருகிறவர்கள். மனிதர்களில் ஒரு கூட்டத்தைக் காலில் பிறந்தவர்கள் என்று எழுதி வைத்தது நம்முடைய சாத்திரம். அதைப் படிக்காத, அதை நம்பாத டாக்டர்கள்கூட உடம்பைப் பார்க்கும்போது அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது. உடம்புக்குள்ளும் ஓர் ஊர் இருக்கிறது, ஊருக்கு வெளியே ஒரு சேரி இருக்கிறது. தீனதயாளன் இதையெல்லாம் யோசித்துப் பாதத்தை எடுத்தார் என்று சொன்னால் அது பொய். யாரும் போகாத வழியில் கூட்டம் இருக்காது என்று போனார். போன பிறகுதான் பிடித்துப்போனது.

கோயம்புத்தூரில் பயிற்சி. அங்கே ஒரு பழக்கம் இருந்தது. மாவுக்கட்டு போடக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் ஒருவர் காலில் ஒருவர் போட்டுவிட்டு, அதோடு நாள் முழுக்க வேலை பார்க்க வேண்டும். எங்கே அழுத்துகிறது, எங்கே அரிக்கிறது, கழிப்பறைக்குப் போவது எவ்வளவு பாடு என்பதெல்லாம் தன் காலில் தெரிந்தால்தான் அடுத்தவன் காலில் கை வைக்கலாம். இன்னொன்று, நோயாளியின் பாதத்தைப் பார்க்குமுன் அவருடைய செருப்பை எடுத்துப் பார்ப்பது. செருப்பின் தேய்மானம் பாதத்தின் நடையைக் காட்டிக்கொடுத்துவிடும். நோயாளி பொய் சொன்னாலும் செருப்பு சொல்லாது. டாக்டர் தங்கள் செருப்பைக் கையில் எடுத்து மூக்குக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டு பதறி எழுந்து நின்றவர்கள் பலர்.

ஊர் திரும்பிய பிறகு மாதம் ஒரு நாள் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலையில் முகாம் போட்டார். புளி உலுக்க மரமேறி விழுந்து கணுக்கால் உடைந்தவர்கள் வருவார்கள். வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே வாரம் ஒரு கட்டாக மாற்றி மாற்றிப் போட்டால் அந்தப் பாதம் நிமிர்ந்துவிடும். நிமிர்த்துவதைவிடக் கடினமானது, கூடவே வரும் பேச்சை நிமிர்த்துவது. கிரகணத்தன்று மருமகள் அரிவாளைத் தொட்டாள், அதனால்தான் குழந்தையின் கால் வளைந்தது என்று ஒரு மாமியார் முகாமிலேயே அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிரகணத்தன்று உங்கள் சினைமாடு புல்லைக் கடித்ததா இல்லையா, அதன் கன்றுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று தீனதயாளன் கேட்டார். கன்று நன்றாகத்தான் துள்ளுகிறது என்று அந்த அம்மாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மருமகளும் சிரித்தாள் என்பதுதான் அன்று அவருக்குக் கிடைத்த பெரிய சம்பளம்.

இத்தனை தெரிந்தவருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அதைக் காட்டியவர் கொளஞ்சியம்மாள்.

ரிஷிவந்தியம் பக்கத்து ஊர். ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால், குற்றம் அந்த ஊருடையது மட்டும்தான் என்று மற்ற ஊர்கள் நிம்மதியாகிவிடும். கொளஞ்சியம்மாள் நிலமில்லாத கூலி. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகள் இலக்கியா கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். தாய்க்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், ஒரு புண். எப்போது வந்தது என்றே தெரியாது, ஏனென்றால் வலிக்கவில்லை. வேறொரு நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது, முட்டிக்குக் கீழே எடுத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று தேதியும் குறித்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன் யாரோ சொல்லி இலக்கியா தன் தாயைத் தீனதயாளனிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவர் நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. பாதத்தின் மேல் நாடி பிடித்துப் பார்த்தார். நன்றாகத் துடித்தது. மழுங்கிய கம்பியால் புண்ணின் ஆழத்தைத் தொட்டார். எலும்பு தட்டவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. ரத்த ஓட்டம் இருக்கிறது, எலும்பில் சீழ் இல்லை, காலை எடுக்கத் தேவையே இல்லை என்றார். அந்த இடத்தில் எடை விழாமல் பார்த்துக்கொண்டால் புண் தானாக மூடும். அதற்காகப் பஞ்சுபோல் மெத்தென்ற ரப்பர் வைத்த தனிச் செருப்பு செய்யச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குள் நடந்தாலும் அதோடுதான் நடக்க வேண்டும் என்றார்.

புண் மூடவில்லை. சுத்தம் செய்து அனுப்புவார், கொஞ்சம் சுருங்கினாற்போல இருக்கும், அடுத்த முறை வரும்போது பழையபடி அகன்றிருக்கும். அவர் செருப்பை எடுத்துப் பார்த்தார். மெத்தென்ற ரப்பரில் பாதத்தின் அச்சு ஆழமாக விழுந்திருக்க வேண்டும். லேசாகத்தான் விழுந்திருந்தது. அடிப்பகுதியும் போதுமான அளவு தேயவில்லை. போடுவதில்லையா என்று கேட்டார். போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று கொளஞ்சியம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னார். இந்த வகைச் செருப்பு தொழுநோயாளிகள் போடுவது என்று பலர் நினைப்பதுண்டு. அந்த வெட்கத்தில் கழற்றிவிடுகிறார் என்று டாக்டர் முடிவு கட்டினார். அழகு முக்கியமா, கால் முக்கியமா என்று இலக்கியாவின் எதிரிலேயே கடிந்துகொண்டார். இருவரும் பதில் பேசவில்லை. அந்த மௌனத்தையும் அவர் தப்பாகத்தான் படித்தார்.

சித்திரை மாதம் அவருடைய தாய்மாமன் ராஜாங்கத்தின் பேத்திக்குக் காதுகுத்து. ராஜாங்கம் அந்த ஊர்க்காரர்தான், பெரிய தெருவில் பெரிய வீடு. கொளஞ்சியம்மாளின் ஊரும் அதுதான் என்பது டாக்டருக்குத் தெரியும், ஆனால் இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை. தெருவை அடைத்துப் பந்தல். மத்தியான வெயிலில் தார் இளகிக் கிடந்தது. பந்தல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது தெருமுனைப் பிள்ளையார் கோயில் பக்கம் மூன்று பெண்கள் வந்தார்கள். முனையில் நின்றார்கள். குனிந்து செருப்பைக் கழற்றி வயர் கூடைக்குள் போட்டார்கள். பிறகு தெருவுக்குள் இறங்கினார்கள். இரண்டு பெண்கள் சூடு தாங்காமல் குதித்துக் குதித்து ஓடினார்கள். ஒருத்தி மட்டும் நிதானமாக நடந்து வந்தாள். வலது பாதத்தில் வெள்ளைத் துணிக் கட்டு. சூடு தெரிந்திருந்தால் அவளும் ஓடியிருப்பாள்.

அந்தத் தெருவில் பள்ளி விடுமுறை தோறும் விளையாடியவர் தீனதயாளன். இப்படிக் கழற்றுவதை அவர் நூறு தடவை பார்த்திருப்பார். பார்த்துப் பார்த்துக் கண் அதைக் காற்றுபோல, வெயில்போல ஏற்றுக்கொண்டுவிட்டது. அநியாயத்துக்கு இதைவிடப் பத்திரமான மறைவிடம் கிடையாது. அவர் மாமனிடம் கேட்டார். ராஜாங்கம் கெட்ட மனிதர் இல்லை, அதனால்தான் பதில் அவ்வளவு சுலபமாக வந்தது.

"நாங்க யாரும் சொல்றதில்ல மாப்ள. அதுங்களே பழகிக்கிச்சுங்க. ஒரு மரியாதை, அவ்ளோதான்."

தீனதயாளன் எழுந்து தெருவின் மறுகோடிவரை பின்னாலேயே போனார். அங்கே கொளஞ்சியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். டாக்டரைக் கண்டதும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். பந்தலைப் பார்த்தார், பட்டு வேட்டியைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"நீங்க இந்த வூட்டுப் புள்ளன்னு தெரியாது சார். தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட வந்திருக்கவே மாட்டேன்."

"உங்களக் கழட்டச் சொல்லி யார் சொன்னது?"

"சொல்லித்தான் தெரியணுமா சார்? நான் மாட்டிக்கினு நடந்தா நாளைக்கி என்னை எவன் வேலைக்குக் கூப்புடுவான்?"

அன்று அவர் சாப்பிடாமல் கிளம்பினார். அண்ணன் வீட்டு விசேஷத்தில் மகன் இலையில் உட்காராமல் வந்துவிட்டான் என்று தாய் தங்கமணி வாரக்கணக்கில் பேசவில்லை. அதைவிட அவரை உறுத்தியது வேறு. கொளஞ்சியம்மாளுக்குக் கடைக்குப் போக, பஸ் ஏற, வேலைக்குப் போக என்று அந்தத் தெரு ஒன்றுதான் வழி. ஒரு நாளைக்கு எத்தனை முறை போனாலும் அத்தனை முறையும் வெறுங்கால். தான் எழுதிக் கொடுத்த வைத்தியத்தை அந்தத் தெரு தினமும் அழித்துக்கொண்டிருக்கிறது. தானோ அந்த அம்மாளைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

புகார் கொடுக்கலாம், சட்டம் இருக்கிறது, நான் சாட்சி சொல்கிறேன் என்று அடுத்த முறை சொன்னார். கொளஞ்சியம்மாள் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மொதல்ல காலு, மத்ததெல்லாம் அப்புறம் என்றார். மருத்துவரின் வேலை வரிசையைத்தான் அவர் மருத்துவருக்குச் சொன்னார்.

அப்போதுதான் தீனதயாளன் முழு மாவுக்கட்டு என்று தீர்மானித்தார். இந்த வகைப் புண்ணுக்கு அதுதான் சிறந்த வைத்தியம் என்பது அவருக்கு முன்பே தெரியும். பாதம் முழுக்க, முட்டிக்குக் கீழ்வரை, தோலோடு தோலாக ஒட்டிப் போடும் கட்டு. எடை ஓரிடத்தில் குவியாமல் கால் முழுக்கப் பரவிவிடும். வாரம் ஒருமுறை அறுத்துத் திறந்து பார்த்து மறுபடி போட வேண்டும். சேற்றில் இறங்குகிறவருக்கு அது முடியாது, கூலி போய்விடும் என்று முதலில் தவிர்த்திருந்தார். இப்போது அதன் பெரிய நன்மை வேறொன்றாகத் தெரிந்தது. அதை நோயாளியால் கழற்ற முடியாது.

கட்டின் அடியில் படகுபோல வளைந்த கெட்டி ரப்பர் வைத்தார். அதனால் வலது கால் உயர்ந்துவிட்டது. அந்த உயரத்துக்கு ஈடாக இடது காலுக்குத் தடித்த செருப்பு ஒன்று செய்து கொடுத்தார். கட்டு இருக்கும்வரை இதையும் கழற்றக் கூடாது, கழற்றினால் இடுப்பு பிசகும், அந்தப் பாதத்திலும் புண் வரும் என்றார். இது மிரட்டல் இல்லை, மருத்துவ உண்மை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்தது என்று இலக்கியா பிறகு சொன்னாள்.

கட்டு காய்ந்ததும் மறுநாள் ஊர் திரும்பிய தாயும் மகளும் கைபிடித்துக்கொண்டு பெரிய தெருவுக்குள் நடந்தார்கள். டக், டக் என்று ரப்பர் தரையில் விழுந்தது. பிள்ளையார் கோயில் மேடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நடந்ததை இலக்கியாதான் டாக்டரிடம் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

முதலில் ஒரு சபையே கூடியிருக்கிறது. மாவுக்கட்டு செருப்பா, செருப்பு இல்லையா? காலில் இருக்கிறது, அடியில் ரப்பர் இருக்கிறது, தரையில் படுகிறது, ஆகவே செருப்புதான் என்று ஒரு கட்சி. ஆஸ்பத்திரியில் போட்டது, ஆகவே மருந்து, மருந்துக்குத் தீட்டில்லை என்று இன்னொரு கட்சி. ராஜாங்கம் பெரிய மனதோடு மாவுக்கட்டை மருந்துக் கணக்கில் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார். தங்கை மகன் போட்ட கட்டு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மனிதனை மதிக்கத் தெரியாத மூளை எத்தனை நுணுக்கமாக வாதாடுகிறது என்பதற்கு இந்த நாட்டில் ஊருக்கு ஊர் சான்று உண்டு. இதுவும் ஒன்று.

அப்போதுதான் ராஜாங்கத்தின் மகன் வெங்கடேசன் இடது காலைக் கவனித்தான்.

"கட்டு மருந்து, சரி. அந்தக் காலுல இன்னா?"

கட்டு உயரமாக இருப்பதையும், இது இல்லாமல் நடந்தால் இடுப்பு போய்விடும் என்று டாக்டர் சொன்னதையும் இலக்கியா விளக்கினாள். தெருவைத் தாண்டுகிற வரைக்கும் கழற்றிக்கொண்டு போகலாமே, தெரு என்ன பத்து மைலா என்றான் வெங்கடேசன். கொளஞ்சியம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மெல்லத் தூக்கி, அவனுக்கு நேராக நீட்டினார்.

"என்னால குனிய முடியாது தம்பி, கட்டு ஒடஞ்சிடும். எம் பொண்ணும் கழட்ட மாட்டா. உனுக்கு வேணும்னா நீ கழட்டிக்க."

யாரும் அசையவில்லை. செருப்பைக் கழற்ற வேண்டுமானால் தொட வேண்டும். அந்தக் காலைத் தொட வேண்டும், அந்தச் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும். எந்த வழக்கத்தைக் காப்பாற்ற அவர்கள் கூடினார்களோ, அந்த வழக்கமே அவர்களுடைய கையைக் கட்டிப்போட்டுவிட்டது. வெங்கடேசன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கோயில் கோபுரத்தைப் பார்த்தார். கொளஞ்சியம்மாள் காலை வேண்டிய அளவு நீட்டிவைத்திருந்துவிட்டு, வலி வருமுன் கீழே வைத்தார். வலி எங்கே வரப்போகிறது, அதுதான் உணர்ச்சியே இல்லையே என்று டாக்டரிடம் இதைச் சொல்லும்போது இலக்கியா ஒருமுறை சிரித்தாள். பிறகு இருவரும் டக், டக் என்று நடந்து போய்விட்டார்கள்.

சில நாள் ராஜாங்கம் வீட்டுக் களத்தில் கொளஞ்சியம்மாளுக்கு வேலை இல்லை. பிறகு மக்காச்சோளம் அறுவடைக்கு வந்தது. எங்கே தேடியும் ஆள் கிடைக்காத காலம் இது. உட்கார்ந்தபடி கதிர் உதிர்க்கலாம், வரச் சொல்லுங்கள் என்று ராஜாங்கமே ஆள் அனுப்பினார். ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. மழைக்குள் மக்காச்சோளம் வீடு சேர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வாரம் தவறாமல் கொளஞ்சியம்மாள் பஸ் ஏறி வந்தார். மாவுக்கட்டை அறுக்கும் இயந்திரம் இரையும்போது தீனதயாளன் மூக்கை மூடிக்கொள்ள மாட்டார். வாடை எப்படி இருக்கிறது என்பது அவருக்கு முதல் செய்தி. முதல் வாரம் பஞ்சில் ஈரம். அடுத்த வாரம் ஈரம் குறைந்தது. நடுவில் ஒரு வாரம் கட்டின் விளிம்பு உராய்ந்து முன்காலில் சிவந்திருந்தது. அன்று அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் விளிம்புக்குப் பஞ்சு வைத்து அனுப்பினார். ஆனால் அடுத்த கட்டு திறக்கும்வரை அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உணர்ச்சியில்லாத காலில் கட்டே புதுப் புண்ணைக் கிளப்பிவிடக் கூடும். அது நடந்தால் அந்தக் கால் முட்டிக்குக் கீழே போயே போகும். தெருவில் அந்த அம்மாள் ஜெயித்ததெல்லாம் இந்தக் கட்டை நம்பி.

ஆடி மாதத்தில் ஒரு காலை. கட்டு இரண்டாகப் பிளந்தது. பஞ்சு காய்ந்திருந்தது. வாடை இல்லை. பாதத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். புண் இருந்த இடத்தில் மெல்லிய புதுத் தோல், குழந்தையின் உள்ளங்கை நிறத்தில். விரலால் தடவினார். மறுபடி தடவினார். முன்காலும் சுத்தம். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டு, மூன்று டீ சொல்லும்படி மருந்துக்கடைக்காரருக்குக் குரல் கொடுத்தார். என்னவோ ஏதோ என்று இலக்கியா கலங்கிப்போய்ப் பார்த்தாள்.

"மூடிடுச்சும்மா. கால் உங்களோடதுதான்."

கொளஞ்சியம்மாள் குனிந்து தன் பாதத்தையே பார்த்தார். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தொட்டார். விரலுக்குத் தெரிந்தது, பாதத்துக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீயை ஆறவைத்துக் குடித்தார்.

இனிமேல் ஆயுள் முழுக்க மெத்தைச் செருப்பு போட வேண்டும், எந்தத் தெருவாக இருந்தாலும் கழற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டுத் தயங்கினார். கட்டைக் கழற்ற முடியாது. செருப்பைக் கழற்ற முடியுமே. அதை அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கொளஞ்சியம்மாளுக்குக் கேட்டது. நேற்றுத் தன்னோடு கதிர் உதிர்க்கப் போன இரண்டு பெண்களும் பிள்ளையார் கோயில் முனையில் நிற்காமலே நடந்ததாகவும், மேடையில் இருந்தவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாகவும் சாதாரணமாகச் சொன்னார்.

தீனதயாளன் வெள்ளைத் தாளில் பாதத்தை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தார். செருப்பு செய்கிறவர் எப்போதும் கறுப்பு வார்தான் வைப்பார், அது போதுமா என்று கேட்டார்.

"கறுப்பு வேணாம் சார். நல்லா செவப்பா வெக்கச் சொல்லுங்க. தூரத்துலருந்து பாத்தாலே தெரியணும்."

அவர் படத்தின் ஓரத்தில் சிவப்பு என்று எழுதினார்.